214 எர்ரருன்னு பயந்துக்காதீங்க அம்மிணி, மொத எர்ரர மட்டும் பாருங்க

கோபிலிருந்து ஒரு அம்மிணி கேட்டிருக்காங்க. அவங்க அமிச்சி பாடுன தாலாட்டு, நோம்பிப் பாட்டெல்லாம் வேர்டுல அடிச்சு ஈபப்பா, அதாவது மின்புத்தக ஃபைலா மாத்தியிருக்காங்க, அதுல தப்பு இருக்கான்னு பாக்கற ஈபப்செக்ல போட்டா 1 ஃபேட்டல் (அதுக்கு மேல படிக்கவே முடியாத தப்பு), 214 எர்ரர். ஆட்டோ ஃபிக்ஸ் அமுக்குனதும் எர்ரர் கொறஞ்சுது, ஆனா தாலாட்டு அத்தியாயத்துல பாதிக்கு மேல எல்லாமே சாஞ்ச எழுத்தாயிடுச்சு, இப்ப என்ன பண்றதுங்கன்னு கேக்கறாங்க.

மொதல்ல அந்த ஃபிக்ஸ் பண்ணுன ஃபைல ஓரமா வெச்சுட்டு பழைய ஃபைலையே எடுங்க அம்மிணி. பாட்டு எங்க முடியுதுன்னு அந்த டூலுக்கு தெரியாதுங்க, தெறந்து கெடக்கற டேக்க (எழுத்துக்கு முன்னயும் பின்னயும் போடற குறி) எங்கியாவது மூடோணுமேன்னு அத்தியாயத்து கடைசில கொண்டுபோயி மூடிருக்கும்.

ஈபப்ங்கறது ஒரு ஜிப்தான், உள்ள இருக்கறது எக்ஸ்ஹெச்டிஎம்எல், வெப் பேஜ் எழுதற ஹெச்டிஎம்எல்லயே கண்டிப்பான வகை. சாதா வெப் பேஜ்ல தப்பா மூடுனாக்கூட பிரவுசர் அனுசரிச்சு காட்டிரும், இது அனுசரிக்காது. தொட்டிக்கட்டு வீட்டுல வெளிக்கதவ தெறந்து ஆசாரத்துக் கதவையும் தெறந்து உள்ள போனோம்னா, வர்றப்ப ஆசாரத்துக் கதவ சாத்திட்டுத்தானுங்களே வெளிக்கதவ சாத்தறோம், அதேதான். நீங்க அனுப்புன எடத்துல பி (பாரா டேக்) தெறந்து, அதுக்குள்ள ஐ (சாஞ்ச எழுத்து டேக்) தெறந்து, ‘ஆராரோ ஆரிரரோ’ன்னு வந்துட்டு பி மூடியிருக்கு, அடுத்த பி தெறந்து ரெண்டாவது வரியும் முடிஞ்சப்பறந்தான் அந்த ஐ மூடுது. அந்த ஃபேட்டல் இதுதான், ஆர்எஸ்சி-016னு காட்டியிருக்கும்.

ஒவ்வொரு வரிக்கும் பி மூடறதுக்கு முன்ன ஐ மூடி, அடுத்ததுல மறுபடியும் தெறந்தா சரியாயிரும். ஆனா நானா இருந்தா ஐ-யையே எடுத்துருவேன். தமிழுக்குன்னே சாய்வா வரைஞ்ச ஃபான்ட் கம்மி, ரீடரே எழுத்த இழுத்து சாய்ச்சு காட்டும், நாலு வரிக்கு மேல கண்ணு வலிக்குது. பாட்ட மொத்தமா ஒரு டிவ்குள்ள (பல பாராவ ஒண்ணா சேத்து வெக்கற டேக்) போட்டு, கிளாஸ்னு ஒரு பேரு குடுத்து, சிஎஸ்எஸ்ல (எது எப்படி தெரியோணும்னு எழுதற எடம்) ஓரம் தள்ளி வெச்சீங்கன்னா போதும்.

ஃபேட்டல சரி பண்ணிட்டு மறுபடி ஓட்டுனா 214 வந்து 260 ஆனாலும் ஆகும், பயந்துக்காதீங்க. ஃபேட்டல் இருக்கற எடத்தோட அந்த ஃபைல படிக்கறத செக்கர் நிறுத்திரும், கீழ இருந்ததெல்லாம் இப்பத்தான் அது கண்ணுக்கு தெரியுது. மிச்சம் பூராவும் பெரும்பாலும் ஆர்எஸ்சி-005, அதாவது மூடுனதெல்லாம் கரெக்ட்டுதான், ஆனா இருக்கக்கூடாத எடத்துல இருக்கு. பிக்குள்ள பிளாக்கோட் (மேற்கோள் டேக்) வரக்கூடாது, ஸ்பான்குள்ள (வரிக்குள்ள கொஞ்சம் எழுத்த மட்டும் சுத்தி போடற டேக்) பி வரக்கூடாது. அப்பறம் பி-ல வேர்டு ஒட்டிவிட்ட அலைன் (பாராவ எந்தப் பக்கம் ஒதுக்கோணும்னு சொல்றது), இது ஒரே தப்புதான், ஆனா பாரா பாராவுக்கு ஒண்ணுன்னு எண்ணி எரநூறு ஆக்கிரும், அலைன தேடி எடுத்துட்டு சிஎஸ்எஸ்ல எழுதுனா ஒட்டுக்கா போயிரும்.

வேண்டாத ஸ்பான எடுக்கறப்பதான் சூதானமா இருக்கோணும். ஃபைண்ட் ரீப்ளேஸ்ல தெறக்கற ஸ்பான மட்டும் அழிச்சீங்கன்னா மூடற ஸ்பான் அநாதையா நிக்கும், எது எதோட ஜோடின்னே தெரியாது. ஒரு கவிதை புக்குல நான் அப்படி பண்ணிப்போட்டு ரெண்டு நாள் ஒக்காந்து கையால சரி பண்ணுனேனுங்க. சிஜில்ங்கற ஈபப் எடிட்டர்ல டேக்மெக்கானிக்னு ஒரு பிளகின் (கூட சேத்துக்கற சின்ன டூல்) இருக்கு, ஜோடியா பாத்து எடுக்கும், அத போட்டுக்குங்க.

இன்னொண்ணு, இத எந்த செக்கரும் சொல்லாது. வேர்டு சில சமயம் ஒரு எழுத்துக்கு நடுவுலயே ஸ்பான வெட்டிரும். ‘கொக்கு’ன்னு இருக்கும், ககரம் ஒரு ஸ்பான்ல, ஒகரக் குறி அடுத்த ஸ்பான்ல. செக்கருக்கு அது சுத்தமான மார்க்கப், ஆனா சில ரீடர்ல கொம்பும் காலும் ககரத்த விட்டுட்டு ஒரு புள்ளி வட்டத்த சுத்தி நிக்கும். சிஜில் தேடற பெட்டில ரெஜெக்ஸ் மோடுல (வார்த்தைக்கு பதிலா மாதிரி குடுத்து தேடறது) >[ா-்] இத தேடுங்க, மாட்டறத ஒண்ணொண்ணா பாத்து சேத்துங்க. ஜீரோ எர்ரர் வந்தப்பறமும் ஃபோன்ல தெறந்து பாட்ட மட்டுமாவது வாய்விட்டு படிச்சுப் பாத்துட்டு அப்பறமா அப்லோடு பண்ணுங்க அம்மிணி.