மாமனார் குடிக்கும் அல்சர் சிரப்

குன்னூர் வாசகிக்கு,

மாமியாருக்கு வந்த மறதி, அலுமினிய குக்கராலும் தினமும் ஐந்து டம்ளர் டீயாலும் உங்களுக்கும் வந்துவிடுமோ என்பதுதான் உங்கள் பயம். சமையல் பாத்திரத்தால் அல்சைமர் வரும் என்று இதுவரை நிரூபணமாகவில்லை. வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி குக்கரைத் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் ஊர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு லேசில் வேகாது. புளிக்குழம்பு, ரசம், தக்காளித் தொக்கு ஆகியவற்றை மட்டும் எவர்சில்வரில் செய்யுங்கள். அலுமினியச் சட்டியில் ராத்திரி முழுக்க வைத்தால் புளிப்பும் உப்பும் அதை அரிக்கும்.

தேயிலைச் செடி அமில மண்ணிலிருந்து அலுமினியத்தை உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்வது உண்மைதான். ஆனால் ஒரு லிட்டர் டீயில் இறங்குவது சில மில்லிகிராம். அதிலும் நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்தில் ஏறாது. ஏறியதையும் நல்ல சிறுநீரகம் வெளியேற்றிவிடும். ஃபாயில், இட்லித் தட்டு பற்றியெல்லாம் கவலையே வேண்டாம்.

நான் கவலைப்படுவது, நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய வரியைப் பார்த்து: மாமனாருக்கு 68 வயது, சர்க்கரை, கிரியேட்டினின் 2.6 (சிறுநீரகம் பழுதாகியிருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு), நெஞ்செரிச்சலுக்கு இரண்டு மாதமாகக் கடையில் வாங்கும் அல்சர் சிரப், நீர்க்கடுப்புக்கு இன்னொரு சிரப்.

முதல் பாட்டிலின் லேபிளைப் படியுங்கள். 5 மில்லியில் 250 மி.கி. அலுமினியம் ஹைட்ராக்சைடு என்றிருந்தால், 10 மில்லி வீதம் மூன்று வேளைக்கு ஏறத்தாழ 400 முதல் 500 மி.கி. வரை அலுமினியம் உள்ளே போகிறது. உணவு வழியாக உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அனுமதிக்கும் அளவு, 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு வாரத்துக்கே 120 மி.கி.தான். நீர்க்கடுப்பு சிரப்பில் பெரும்பாலும் சிட்ரேட் என்ற உப்பு இருக்கும். அது குடல் உறிஞ்சும் அலுமினியத்தைப் பல மடங்கு கூட்டிவிடும். பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. எலும்பிலும் மூளையிலும் தங்கும். 1970களில் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு மூளை பாதித்தது இந்த உலோகத்தால்தான்.

இரண்டு சிரப்பையும் இன்றே நிறுத்துங்கள். அல்சருக்குத் தரும் சுக்ரால்ஃபேட்டிலும் அலுமினியம் உண்டு. டாக்டர் எழுதிக் கொடுத்ததாக இருந்தால் உடனே அவரைக் கேளுங்கள். பேச்சு திக்குவது, கை திடீரென்று வெட்டி இழுப்பது, புதிதாகக் குழப்பம், வலிப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். எதுவும் இல்லாவிட்டாலும் இந்த வாரமே சிறுநீரக டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தத்தில் அலுமினிய அளவு பார்க்க வேண்டுமா என்று அவர் சொல்வார்.

மாமனாருக்கு மேடு ஏறும்போது அந்த நெஞ்செரிச்சல் வருகிறதா? அப்படியானால் அது இதயக் கோளாறாகவும் இருக்கலாம்; வாரம் வரை காத்திருக்காமல் உடனே ஈசிஜி எடுத்துவிடுங்கள். எங்கே போனாலும் இரண்டு பாட்டிலும் கையில் இருக்கட்டும்.