மாலையில் சேர்ந்த சுருதி இரவில் ஏன் விலகுகிறது?

ஐந்து மணிக்கு ஒலி சரிபார்த்தபோது புல்லாங்குழலும் கிட்டாரும் கச்சிதமாகச் சேர்ந்தன, ஒன்பது மணிக்கு மேடையேறியதும் பிசிறடித்தன என்று எழுதியிருக்கிறீர்கள். வாசித்தவர்கள் மேல் குறையில்லை. சித்திரை வெயில் செய்கிற வேலை அது.

சூட்டில் கிட்டார்க் கம்பி தளரும், சுருதி இறங்கும். குழலுக்கு நேர் எதிர்: சூடான காற்றில் ஒலி வேகமாகப் போவதால் சுருதி ஏறும். இரவு குளிர்ந்தால் இரண்டும் எதிரெதிராகத் திரும்பும். 36 டிகிரியிலிருந்து 28க்கு இறங்கினாலே குழல் ஏறக்குறைய அரைச்சுரத்தில் கால் பங்கு இறங்கிவிடும். கேட்பவர் காதுக்கு அது போதும். கீபோர்டோ அசையாமல் வழக்கமான சுருதி அளவான 440 ஹெர்ட்ஸிலேயே நிற்கும்.

கிட்டாரைத் திருகிக்கொள்ளலாம், மூங்கில் குழலை என்ன செய்ய? ஆகவே குழலுக்கு மற்றவர்கள் வளைந்து கொடுப்பதுதான் வழி. குழல்காரர் ஐந்து நிமிடம் ஊதிச் சூடேற்றட்டும். அப்புறம் அவருடைய ஒரு நீண்ட சுரத்தைக் கேட்டு, கீபோர்டின் மாஸ்டர் டியூனை, அதாவது மொத்தச் சுருதியையும் ஏற்றி இறக்கும் அமைப்பை, 438, 442 என்று நகர்த்துங்கள். கிட்டார் அதற்குச் சேரட்டும். இதை மேடையில், விளக்குகள் எரியும்போதே செய்யுங்கள். சிவகங்கைப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் ஹாலஜன் விளக்குக்கு நேர் கீழே கிட்டாரைச் சாய்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். முதல் பாட்டில் பட்ட அவமானம் இன்னும் மறக்கவில்லை.

தபலா இருந்தால் அதையும் பாருங்கள், இரவு ஈரத்தில் தோல் தளரும்.