சின்ன முதலாளியின் மௌனம்

அன்புள்ள ஐயா,

அப்பா போன வருடம் காலமானபின் பழைய சோனகத் தெருவில் உள்ள எங்கள் இரும்புச் சாமான் மொத்தக் கடையை நான்தான் நடத்துகிறேன். அப்பா கதைக்கத் தொடங்கினால் எதிர்க்கடைக்காரரும் எட்டிப் பார்ப்பார். எனக்கோ நாலு பேர் கூடினால் வாய் கட்டிக்கொள்கிறது. வேலையாட்கள் ஒன்பது பேர். ‘சின்ன முதலாளிக்கு எப்போதும் கோபம்’ என்கிறார்களாம். மேடைப்பேச்சு வகுப்பில் சேரச் சொல்லி மச்சான் நச்சரிக்கிறார். எனக்கு வியாபாரம் சரிவருமா?

பெயர் வேண்டாம், கொட்டாஞ்சேனை

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று பக்கக் கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன். யார் எவ்வளவு பாக்கி, எவர் எந்த மாதத்தில் இழுத்தடிப்பார் என்பதெல்லாம் மிச்சப் பக்கங்களில் இருந்தன. இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு வியாபாரம் சரிவருமா என்று கேட்கிறீர்கள்!

‘வாயுள்ள பிள்ளை பிழைக்கும்’ என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்த்துவிட்டோம். கொழும்புத் தேயிலை ஏலத்தைப் பாருங்கள். 1883இல் தொடங்கியது, ஒரு நூற்றாண்டுக்கு மேல் விலையை வாய்விட்டுத்தான் கேட்டார்கள். 2020இல் பெருந்தொற்று வந்ததும் இணையத்துக்கு மாறினார்கள். சத்தம் நின்றது, தேயிலை நிற்கவில்லை. வாங்குபவர் எதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று கணக்குப் போடுவது அதற்கு முன்பே, வரிசையாக வைத்த கிண்ணங்களிலிருந்து ஒவ்வொரு கரண்டியாக உறிஞ்சித் துப்பும் சுவை பார்க்கும் அறையில்தான். அங்கே வாய்க்கு வேறு வேலை.

அமெரிக்காவில் உளவியலாளர் அடம் கிராண்டும் சகாக்களும் பீட்சாக் கடைகளை ஆராய்ந்து 2011இல் எழுதினார்கள். சொன்னதை மட்டும் செய்யும் வேலையாட்கள் உள்ள கடையில் கலகலப்பான முகாமையாளருக்கு இலாபம் கூடுதல். தாமாக யோசனை சொல்பவர்கள் உள்ள கடையிலோ, அதே கலகலப்பு இலாபத்தைக் குறைத்தது. ஆகவே உங்கள் சுபாவத்தை ஆராய்வதை விட்டுவிட்டு, அந்த ஒன்பது பேர் எப்படிப்பட்டவர்கள் என்று பாருங்கள்.

ஆனால் அந்தக் ‘கோபம்’ விடயத்தில் உங்கள் பக்கம் பேச மாட்டேன். நானும் அதில் அடிபட்டவன். ஒரு காலத்தில் ஓர் அச்சகத்தில் பிழைதிருத்தும் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தேன். புதிதாகச் சேர்ந்த பெண் பக்கங்களைக் கொண்டுவருவார்; நான் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வலப்பக்கத் தட்டில் வைப்பேன். வலப்பக்கம் என்றால் சரி என்பது எனக்குத் தெரியும். அவருக்கு யார் சொன்னது? நாலாம் மாதம் விலகினார். போகிற அன்றுதான், “ஒரு பக்கமாவது சரியாக இருந்ததா சேர்?” என்று கேட்டார். எல்லாமே சரியாகத்தான் இருந்தன.

கூட்டம் போட்டுப் பேச வராவிட்டால் போடாதீர்கள். காலையில் கடை திறக்குமுன் ஒருவரோடு பத்து நிமிடம் நின்று கதையுங்கள். அடுத்த நாள் இன்னொருவர். பாக்கி வைத்திருப்பவரிடமும் அப்படித்தான்: தொலைபேசியில் திணறுவதைவிட நேரில் போய், துண்டில் எழுதிய கணக்கை மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தை அவரால் அதிக நேரம் தாங்க முடியாது.

மச்சானையும் கோபிக்க வேண்டாம். மேடையென்றால் நடுங்கிய அமெரிக்கக் கோடீஸ்வர முதலீட்டாளர் வாரன் பஃபெட்டும் இளமையில் டேல் கார்னகி மேடைப்பேச்சு வகுப்புக்குப் போனவர்தான். அந்தச் சான்றிதழை அலுவலகச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். விருப்பமென்றால் போங்கள், அவசரமில்லை.

அவசரமானது வேறு. உங்கள் களஞ்சியத்தில் இருக்கும் பெரியவர் ஆணியைக் கையில் எடுத்ததுமே எத்தனை அங்குலம் என்று சொல்லிவிடுவார் என வியந்து எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் சொன்னீர்களா?