காதுக்குப் பாடமாகிவிட்ட விளையாட்டு

அன்புள்ள ஐயா,

நானும் நண்பன் ஒருவனும் சேர்ந்து பார்வையற்றவர்களுக்காக ஒரு ஆடியோ கேம் செய்துவருகிறோம். திரையில் எதுவும் இருக்காது. இருட்டான பெரிய வீடு. மூன்று சாவிகளைத் தேடி எடுத்து, சுற்றிவரும் காவலாளியிடம் மாட்டாமல் வெளியே வரவேண்டும். ஆடிப் பார்த்தவர்கள் பாராட்டினார்கள். ஆனால் முடித்த பிறகு யாரும் மறுபடி திறக்கவில்லை. அலுப்புத் தட்டாமலிருக்க ஒவ்வொரு ஆட்டத்திலும் காலடிக்கும் கதவுக்கும் வேறு வேறு ஒலி வரும்படி மாற்றினோம். காவலாளி நடக்கும் பாதையை மட்டும் மாற்றவில்லை: படியிறங்கி, இடப்பக்கம் திரும்பி, சமையலறை வரை போய்த் திரும்புவான். குழப்பமாக இருக்கிறது என்கிறார்கள். இன்னும் ஐந்து லெவல் சேர்த்தால் சரியாகுமா?

கே.

அன்புள்ள கே.,

ஐந்து லெவல் சேர்த்தால் அந்த ஐந்தையும் ஒருமுறை ஆடிவிட்டு மூடிவைப்பார்கள். உங்களுக்கு வேலை கூடியதுதான் மிச்சம்.

எனக்குப் பார்வை கிடையாது. இந்த மாதிரி விளையாட்டுகளை விரும்பி ஆடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: எதை மாற்றக்கூடாதோ அதை மாற்றியிருக்கிறீர்கள். காவலாளியின் பூட்ஸ் சத்தம் இது, பூட்டிய கதவின் சத்தம் இது என்று முதல் ஆட்டத்தில் மெனக்கெட்டுக் கற்றுக்கொள்கிறோம். அடுத்த ஆட்டத்தில் பூட்ஸ் செருப்பாகிவிட்டால் கற்றதெல்லாம் வீண். (ஒரே பூட்ஸை நாலைந்து முறை பதிவுசெய்து மாற்றி மாற்றி ஒலிக்கவிடுவது வேறு விஷயம், அது நல்லது.) அதே சமயம், காவலாளி படியிறங்கி இடப்பக்கம் திரும்பி சமையலறை வரை போய்த் திரும்புவான் என்பது எல்லா ஆட்டத்திலும் மாறவே இல்லை. அது பாடமானதும் காதுக்கு வேலை போய்விட்டது, விரல் மட்டும் ஆடுகிறது.

1978-ல் வந்த சைமன் என்ற மின்னணுப் பொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பொத்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுரம். அது ஒரு வரிசையை வாசிக்கும், நாம் அப்படியே திருப்பி அழுத்தவேண்டும். சரியாக அழுத்தினால் வரிசை ஒன்று நீளும். விளக்கும் எரியும் என்றாலும் சுரத்தை வைத்தே ஆடிவிடலாம். மொத்தமே நான்கு ஒலிதான், அவை மாறுவதே இல்லை. மாறுவது வரிசை. அதற்கே மனிதர்கள் திரும்பத் திரும்ப ஆடினார்கள்.

அப்படியானால் வீட்டையே ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டலாமே என்று தோன்றும். 1980-ல் ரோக் என்ற கணினி விளையாட்டு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதுச் சுரங்கம் தந்து இந்த வழியைப் பிரபலமாக்கியது. ஆடியோ கேமில் எனக்கு இதில் தயக்கம் உண்டு. ஒரு அறையின் அமைப்பைக் கண்ணுக்கு ஒரே பார்வை காட்டிவிடும். நாங்கள் சுவரோரமாக நடந்து, முட்டி, எண்ணி, மனதுக்குள் படம் போட்டாகவேண்டும். அந்தப் படத்தை ஒவ்வொரு முறையும் கலைத்தால் ஆட்டத்தில் பாதி சுவர் தடவுவதிலேயே போய்விடும். வீடு இருக்கட்டும். சாவி இருக்கும் இடம், காவலாளியின் பாதை, அன்று எந்தக் கதவு கிறீச்சிடும் என்பதையெல்லாம் மாற்றுங்கள்.

மழையைச் சேர்த்துப் பாருங்கள். சில ஆட்டங்களில் மட்டும், ஜன்னலோர அறைகளில் மட்டும். மழை இரைச்சல் கம்பளத்தின் மேல் விழும் காலடியை அமுக்கிவிடும், ஆனால் இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தின் கிணுகிணுப்பு அதைத் தாண்டிக் கேட்கும்படி கலக்கலாம். முதல் ஆட்டத்தில் அந்தக் கிணுகிணுப்பை யாரும் கவனித்திருக்கமாட்டார்கள், பூட்ஸே போதுமானதாக இருந்திருக்கும். இப்போது அதைத் தேடிப் பிடிக்கவேண்டும். ஒரே ஒரு மழை ஒலிக்கோப்புதான், ஆனால் பழகிய வீட்டில் புதிதாகக் கேட்கவேண்டியிருக்கிறது.

இடத்தை மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. ஹெட்ஃபோனில் நேர் முன்னால் வரும் ஒலியும் நேர் பின்னால் வரும் ஒலியும் இரண்டு காதையும் ஒரே நேரத்தில், ஒரே அளவில்தான் வந்தடையும். எந்தப் பக்கம் என்று பிரிப்பது கஷ்டம். நிஜத்தில் தலையைக் கொஞ்சம் திருப்பித் தெரிந்துகொள்வோம். உங்கள் விளையாட்டிலும் நின்ற இடத்தில் திரும்ப வழி வேண்டும், திரும்பிப் பார்க்க அவகாசமும் வேண்டும். காவலாளி முதுகுக்குப் பின்னால் முளைத்த மறுகணமே பிடித்துவிட்டால் அது அநியாயம். அவகாசம் இருந்தால், லேசாக வலப்பக்கம் திரும்பி, ஒலி இடது காதுக்கு நகர்ந்தால் முன்னால், வலது காதுக்கு நகர்ந்தால் பின்னால் என்று கண்டுபிடிக்கலாம். ஆட ஆட இது கைவரும். போன தடவையைவிட இன்று நன்றாகக் கேட்கிறது என்று ஆட்டக்காரருக்குத் தெரிந்தால் தானாகவே திரும்பி வருவார்.

அப்புறம் பேச்சு. உங்கள் கதைசொல்லி தொடக்கத்தில் நீளமாகப் பேசுவார் என்று ஊகிக்கிறேன். எழுத்தென்றால் கண் தாவிப் போய்விடும், பதிவுசெய்த குரலைத் தாவ முடியாது. திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருளைத் தலைதெறிக்கும் வேகத்தில் வைத்துக் கேட்டுப் பழகிய எங்களுக்கு ஒரு நடிகரின் நிதானமான வர்ணனையை இரண்டாம் முறை கேட்பது தண்டனை. எந்த விசையை அழுத்தினாலும் பேச்சு நிற்கவேண்டும். 'கதவு பூட்டியிருக்கிறது' என்று ஒருமுறை சொன்னால் போதும், பிறகு தாழ்ப்பாள் ஆடும் சத்தம் போதும். இதற்காகவே நல்ல விளையாட்டுகளை நான் பாதியில் விட்டிருக்கிறேன்.

நேரமிருந்தால் இருவர் ஆடும்படி செய்யுங்கள், ஒருவர் காவலாளியாக. 2023-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை விளையாட்டில் எதிராளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதை ஒலியால் உணர்த்தும் வசதி உண்டு. எதிரே மனிதர் இருந்தால் எந்த ஆட்டமும் அப்படியே திரும்ப வராது. ஆனால் இணையம் வழி இருவரை இணைப்பது பெரிய வேலை, இப்போதைக்குத் தள்ளிப்போடலாம். அதற்குப் பதிலாக, ஒருவருக்கு வந்த அதே சாவி, அதே காவலாளி, அதே மழையை ஒரு எண்ணாகக் கொடுத்து, அந்த எண்ணை நண்பருக்கு அனுப்பும்படி செய்யுங்கள். அதைப் போட்டால் அவருக்கும் அதே ஆட்டம் வரவேண்டும். யார் சீக்கிரம் வெளியே வந்தார் என்ற பேச்சு தானாகக் கிளம்பும்.

மாற்றியதும் புதியவர்களிடம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே ஆடி முடித்தவர்களிடமே கொடுங்கள். மழையைப் பற்றி முன்கூட்டியே சொல்லவேண்டாம்.