அக்காவுக்கு வந்திருப்பது கோபமா, அயர்ச்சியா?

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலையில் இரவு ஷிப்ட் பார்க்கும் உங்கள் அக்கா, வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவது குணம் மாறியதாலா என்று கேட்டிருக்கிறீர்கள். குணத்தைக் குறை சொல்வதற்கு முன் அவருடைய தூக்கத்தைக் கணக்குப் பார்ப்பதே நியாயம் என்பேன்.

தூக்கம் குறையும்போது, அச்சத்தையும் கோபத்தையும் எழுப்புவதில் பங்குள்ள அமிக்டலா என்ற மூளைப்பகுதி மிகையாகத் தூண்டப்படுகிறது. அதை அடக்கி நிதானம் தரும் முன்மூளைப் புறணியின் பிடியோ தளர்கிறது. அதனால்தான், குழந்தை தண்ணீர்ச் சொம்பைக் கவிழ்த்துவிட்டால் வழக்கமாகத் துடைத்துவிட்டுப் போகிறவர், அன்று கத்தித் தீர்த்துவிட்டு, அடுத்த நிமிடமே அடுப்படியில் நின்று அழுகிறார். உறங்கி எழுந்தும் தீராத அசதி, பிடித்தவர்களிடமும் பேச விருப்பமின்மை, அடிக்கடி மறதி ஆகியவையும் அயர்ச்சியின் அடையாளங்களே.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 7 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். மாம்பழ சீசனில் வேலையைக் குறைத்துக்கொள்வது எளிதல்ல. ஆகவே பகலில் அவர் உறங்கும் அறையை இருட்டாக்கி, அந்த நேரத்துச் சமையலையும் பிள்ளைகளையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். உலையில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு படுப்பது ஓய்வாகாது. சில வாரங்கள் நன்றாக உறங்கியும் அசதி தீராவிட்டால், ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் பரிசோதனை செய்துவிடுங்கள். மனம்விட்டுப் பேச விரும்பினால், அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையான டெலிமானஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம்.