கேமரா ஸ்ட்ராப் மாற்றப் போகிறீர்களா? பேடிங்கை அப்புறம் பார்க்கலாம்

கேள்வி: சேலத்தில் கல்யாண போட்டோகிராபி செய்கிறேன். நிக்கான் டி750 பாடி, 24-70 எஃப்2.8, 70-200 எஃப்2.8 என்று இரண்டு லென்ஸ் வைத்திருக்கிறேன். முகூர்த்தம், ரிசப்ஷன் என்று ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் கேமரா கழுத்தில்தான் தொங்குகிறது. கேமராவோடு வந்த ஸ்ட்ராப்தான் இன்னும் பயன்படுத்துகிறேன். பிடரியில் தோல் எரிகிறது, மறுநாள் தோள் வரை வலிக்கிறது. ஆன்லைனில் பார்த்தால் ரப்பர் பேட் வைத்தது, லெதர், ஸ்லிங் என்று ஏகப்பட்டது இருக்கிறது. எதை வாங்கினால் வலி குறையும்?

பதில்: முதலில் நீங்கள் எவ்வளவு சுமக்கிறீர்கள் என்று பார்த்துவிடுவோம். டி750 பாடி, பேட்டரியும் கார்டும் சேர்த்து 840 கிராம். நிக்கானின் 24-70 எஃப்2.8ஜி லென்ஸ் 900 கிராம். மேலே ஒரு ஃபிளாஷ், அதன் பேட்டரியோடு சேர்த்து ஏறக்குறைய அரை கிலோ. ஆக, இரண்டேகால் கிலோ. 70-200 எஃப்2.8 லென்ஸை மாட்டினால் லென்ஸ் மட்டுமே ஒன்றரை கிலோ அளவுக்கு வரும், மொத்தம் மூன்று கிலோவை நெருங்கிவிடும். மூன்று கிலோ தூக்குவது பெரிய விஷயம் இல்லைதான். ஆனால் எட்டு மணி நேரம் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்பது வேறு.

உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். பிடரியில் எரிவது தோல் சம்பந்தப்பட்டது. குறுகலான பட்டை ஒரே இடத்தில் அழுத்துகிறது, வியர்வையோடு சேர்ந்து உரசுகிறது. தோள் வரை இறங்கும் வலி தசை சம்பந்தப்பட்டது. எடை மார்புக்கு முன்னால் தொங்கும்போது தலை தானாகவே முன்னால் சாய்கிறது. அதை நிமிர்த்திப் பிடிக்க, பிடரியிலிருந்து தோள் வரை ஓடும் தசைகள் நாள் முழுக்க இழுத்துக்கொண்டே இருக்கின்றன. தடிமனான பேட் வாங்கினால் முதல் பிரச்சினை குறையும். இரண்டாவது அப்படியேதான் இருக்கும், ஏனென்றால் எடை தொங்கும் இடம் மாறவில்லை. பேட் வைத்த ஸ்ட்ராப் வாங்கிய பலர் சில வாரங்கள் கழித்து 'இதுவும் சரியில்லை' என்று அடுத்ததைத் தேடுவது இதனால்தான்.

அதனால் உங்களுக்கு என் பதில், கேமராவைக் கழுத்தில் மாட்டுவதை விட்டுவிடுங்கள் என்பதுதான். ஒரு தோளில் ஏறி, மார்பைக் குறுக்காகக் கடந்து, எதிர்ப்பக்க இடுப்பில் கேமரா தொங்குகிற மாதிரி அணியுங்கள். எடை தோளின் மேற்பகுதியிலும் முதுகிலும் பரவும், இடுப்பில் சாய்ந்திருக்கும் கேமராவின் ஆட்டமும் குறையும். கழுத்துக்கு வேலையே இருக்காது.

இப்படிக் குறுக்காக அணியும் ஸ்ட்ராப்களைத்தான் ஸ்லிங் என்கிறார்கள். இவற்றில் இரண்டு வகை உண்டு. இந்த வித்தியாசம் தெரியாமல் வாங்கித்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

முதல் வகையில் ஸ்ட்ராப் தோளில் அசையாமல் இருக்கும், கேமரா அதன் மேல் ஓடும். பிளாக்ரேப்பிட் ஸ்லிங் இந்த வகை. கேமராவின் அடியில் டிரைபாட் திருகும் துளையில் ஒரு போல்ட், அதில் ஒரு கொக்கி, கொக்கி பட்டையில் மேலும் கீழும் வழுக்கும். கேமரா தலைகீழாக இடுப்பில் தொங்கும். கையைக் கீழே விட்டால் கிரிப் கைக்கு வரும், தூக்கினால் நேராகக் கண்ணுக்கு வந்துவிடும். தாலி கட்டும் நேரத்தில் அந்த ஒரு வினாடி எவ்வளவு பெரியது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வகையில் தோள் பேடின் அடிப்பக்கம் சொரசொரப்பாக, துணியைப் பிடித்துக்கொள்வதாக இருக்க வேண்டும்.

இரண்டாம் வகையில் பட்டையின் இரு முனைகளும் கேமராவில் பூட்டியிருக்கும். கேமராவைத் தூக்கும்போது முழு ஸ்ட்ராப்பும் தோளின் மேல் வழுக்கி வர வேண்டும். பீக் டிசைனின் ஸ்லைடு இப்படிப்பட்டது. இதற்கு அடிப்பக்கம் வழவழப்பாக, கார் சீட் பெல்ட் நெசவு மாதிரி இருக்க வேண்டும். அடியில் ரப்பர் பிடிப்பு வைத்த பட்டையை இப்படி அணிந்தால் ஒவ்வொரு முறையும் அது சட்டையை இழுத்துக்கொண்டு வரும், நாள் முடிவில் கை சோர்ந்துபோகும். கேமராவோடு வரும் ஸ்ட்ராப்களைக் குறுக்காகப் போட்டுப் பார்த்து 'இது எனக்கு ஒத்துவராது' என்று முடிவு செய்பவர்களுக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான். தோளில் நழுவாமல் இருக்க வைத்த பிடிப்பு, வழுக்க வேண்டிய இடத்தில் தடையாகிவிடுகிறது.

உங்கள் வேலைக்கு நான் முதல் வகையைத்தான் சொல்வேன். குர்தா, துப்பட்டா, புடவை என்று எது போட்டிருந்தாலும் பட்டை அசையாது என்பதால் துணி கலையாது, பின் குத்திய இடம் இழுபடாது. வாங்கும்போது தோள் பேட் லேசாக வளைந்து, அகலம் குறைவாக இருப்பதைப் பாருங்கள். நேரான அகலப் பட்டை மார்பின் குறுக்கே சரியாக உட்காராமல் கழுத்துப் பக்கம் ஏறிக்கொண்டே இருக்கும். கைக்கு அடியில் போகும் சின்னக் குறுக்குப் பட்டை உள்ள மாடல் கிடைத்தால் இன்னும் நல்லது, குனிந்து எடுக்கும்போது ஸ்லிங் முன்னால் சுழன்று வராது.

இப்போது 70-200. இந்த லென்ஸ் மாட்டியிருக்கும்போது எடையின் நடுப்பகுதி பாடியில் இல்லை, லென்ஸில் இருக்கிறது. அதனால் ஸ்ட்ராப்பைப் பாடியில் மாட்டாதீர்கள். லென்ஸைச் சுற்றியுள்ள வளையமான டிரைபாட் காலரின் அடியில் நீட்டியிருக்கும் காலில்தான் மாட்ட வேண்டும். பாடியில் மாட்டினால் லென்ஸின் கனம் முழுவதும் பாடியும் லென்ஸும் சேரும் மவுண்டின் மேல் இழுக்கும், முன்பக்கம் கீழே சரிந்து தொடையில் இடித்துக்கொண்டே வரும். காலரில் மாட்டினால் பாடியும் லென்ஸும் ஒன்றையொன்று சமன்படுத்திக்கொண்டு தொங்கும். ஒரு எச்சரிக்கை மட்டும்: பல 70-200 லென்ஸ்களில் அந்தக் கால் கழற்றக்கூடியது, ஒரு சின்ன திருகோ லீவரோதான் அதைப் பிடித்திருக்கிறது. காலையில் கிளம்பும்போது அதை இறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொக்கியை மாட்ட வேண்டும்.

மண்டபத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இடுப்பில் தொங்கும் நீள லென்ஸ் சரியாகக் குழந்தைகளின் தலை உயரத்தில் இருக்கும். மணவறையில் குத்துவிளக்கும் ஏறக்குறைய அதே உயரம்தான். கூட்டத்துக்குள் நுழையும்போது ஒரு கையை லென்ஸின் மேல் வைத்துக் கேமராவைப் பின்பக்கம் தள்ளிக்கொள்ளுங்கள். கொக்கி ஓடாமல் நிறுத்தும் பிளாஸ்டிக் லாக் பல ஸ்லிங்குகளில் இருக்கிறது, நடக்கும்போது அதைப் போட்டுவிடலாம். ஹோமத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுக்கும்போதும் கவனம் தேவை. நைலான் பட்டையில் தீப்பொறி பட்டால் உருகும். உருகிய இடத்தில் நெசவு பலவீனமாகிவிடும், அதற்கப்புறம் அந்தப் பட்டையை நம்பக் கூடாது.

காசை எங்கே செலவழிப்பது என்று கேட்டால், பட்டையைவிட இணைப்புக்கு என்பேன். நல்ல நைலான் பட்டை அறுந்து கேமரா விழுவது அரிது. விழுவதெல்லாம் வளையம், கொக்கி, திருகு ஆகிய இடங்களில்தான். டிரைபாட் துளையில் போடும் போல்ட் கால் அங்குலத் திருகு. கேமரா நாள் முழுக்க சுழன்று ஆடும்போது அது மெல்ல மெல்லத் தளரும். ரப்பர் வாஷர் உள்ளதாக வாங்கி, நன்றாக இறுக்கி, ஒவ்வொரு முறை லென்ஸ் மாற்றும்போதும் விரலால் ஒரு திருப்பு திருப்பிப் பாருங்கள். கொக்கிக்குத் திருகு லாக் இருக்க வேண்டும், வெறும் ஸ்பிரிங் கதவு போதாது. இதோடு கேமராவின் பக்கவாட்டு வளையத்திலிருந்து ஸ்லிங்குக்கு ஒரு குட்டிப் பாதுகாப்புக் கயிறும் கட்டிவிடுங்கள். போல்ட் கழன்றாலும் கேமரா தரைக்குப் போகாது. இந்தக் கயிறு இல்லாமல் ஒற்றைத் திருகை நம்பி மூன்று கிலோவைத் தொங்கவிடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

டிரைபாடும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் போல்ட் அந்தத் துளையை அடைத்துக்கொள்ளும். கேமராவின் அடியில் திருகி டிரைபாட் தலையில் பூட்டும் ஆர்க்கா வகை பிளேட்டிலேயே ஸ்ட்ராப் மாட்டும் துளை உள்ளதை வாங்கினால் இரண்டுக்கும் ஒன்றே போதும். பேட்டரிக் கதவு திறக்க இடம் இருக்கிறதா என்று மட்டும் மாட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பீக் டிசைன் மாதிரி வட்டப் பொத்தான் இணைப்புகளும் பரவலாகிவிட்டன. ஒரு நொடியில் கழற்றலாம், மாட்டலாம், சௌகரியம்தான். பொத்தானைக் கேமராவோடு இணைக்கும் மெல்லிய கயிறு தேய்ந்து உள்ளேயிருக்கும் வேறு நிறம் வெளியே தெரிந்தால் மாற்றியாக வேண்டும், அதற்காகத்தான் உள்ளே வேறு நிறம் வைத்திருக்கிறார்கள். இதன் டூப்ளிகேட் நிறைய விற்கிறது. ஸ்ட்ராப்பை எந்த பிராண்டில் வாங்கினாலும் பரவாயில்லை, இந்தப் பொத்தானை மட்டும் அசல் என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் வாங்குங்கள்.

பொருள் விஷயத்தில் நம் ஊர் வெயிலை மறந்துவிட்டு வெளிநாட்டு விமர்சனங்களைப் படித்து வாங்கக் கூடாது. நியோப்ரீன், அதாவது அந்த மெத்தென்ற ரப்பர் நுரை, கொஞ்சம் இழுபடும். அதனால் தொட்டதும் எடை குறைந்த மாதிரி இருக்கும். நின்ற இடத்தில் எடுப்பவர்களுக்குச் சரி. நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் கேமரா மேலும் கீழும் துள்ளும், கனமான லென்ஸோடு அது தோளைக் குத்தும். அதோடு வியர்வை ஆறாமல் உள்ளேயே தங்கும். சித்திரை மாதக் கல்யாணத்தில் ஒரு நாள் போட்டால் தோளில் வேர்க்குரு வந்துவிடும். லெதர் பார்க்க அழகு. ஆனால் வியர்வை உப்பு ஏறி விறைத்துப்போகும், மழைக்காலத்தில் அலமாரியில் பூஞ்சை பிடிக்கும், மலிவான லெதரின் சாயம் வெள்ளைச் சட்டையில் இறங்கும். நைலான் பட்டையும், தோளில் காற்றோடும் வலைத்துணி வைத்த பேடும்தான் நமக்கு ஏற்றது. வாரம் ஒரு முறை மிதமான சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட்டால் நாற்றமும் வராது, உப்புப் படிவு தோலை உரசுவதும் நிற்கும்.

அகலத்தில் பேராசை வேண்டாம். தோளில் உட்காரும் இடம் நான்கிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் போதும். அதற்கு மேல் போனால் பட்டை தோளின் வளைவில் தட்டையாகப் படியாமல் ஓரம் மடியும், அந்த ஓரமே வெட்டத் தொடங்கும்.

நீளத்தை ஆர்டர் போடுவதற்கு முன் வீட்டிலேயே அளந்துவிடலாம். தையல்காரர் வைத்திருக்கும் இன்ச் டேப்பை எடுத்து, இடது தோளின் மேல் தொடங்கி மார்பின் குறுக்கே வலது இடுப்பு எலும்பு வரை கொண்டுவந்து, அங்கிருந்து முதுகு வழியாகத் திரும்பத் தோளுக்கே கொண்டுபோங்கள். அந்தச் சுற்றளவு ஸ்ட்ராப்பின் குறைந்தபட்ச, அதிகபட்ச நீளத்துக்கு நடுவில் வர வேண்டும். கடைசிப் புள்ளியில் வந்தால் தடிமனான உடையோடு போடும்போது பற்றாது. மாட்டிய பிறகு கையைத் தளரவிட்டால் விரல்கள் கிரிப்பைத் தொட வேண்டும். தோளை இறக்கித் தேட வேண்டியிருந்தால் நீளம் அதிகம், முழங்கையை மடக்க வேண்டியிருந்தால் குறைவு.

அடுத்து இன்னொரு பாடி வாங்கி, இரண்டையும் ஒரே நேரத்தில் சுமக்கும் எண்ணம் இருந்தால் ஒற்றை ஸ்லிங் இரண்டு வாங்கிக் குறுக்கும் நெடுக்குமாகப் போடாதீர்கள். இரு தோள்களுக்கும் பட்டை வரும் ஹார்னஸ்தான் அதற்குச் சரி. ஒரு பாடிக்கு அது தேவையில்லை, இந்த வெக்கையில் கூடுதல் பட்டைகள் சுமைதான்.

ஸ்லிங் வந்ததும் நேராகக் கல்யாணத்துக்கு எடுத்துப் போகாமல், வீட்டில் கேமராவை மாட்டி ஒரு மணி நேரம் நடந்து, குனிந்து, படி ஏறிப் பாருங்கள். முடியும்போதெல்லாம் ஸ்லிங்கை மறு தோளுக்கு மாற்றுங்கள், சாப்பாட்டுப் பந்தி நேரத்தில் கேமராவை முழுதாகக் கழற்றி வையுங்கள். வைக்கும்போது பட்டை மேஜை விளிம்பில் தொங்கக் கூடாது, மண்டபத்தில் ஓடும் குழந்தை பிடித்து இழுத்தால் போச்சு. டூ வீலரில் போகும்போது ஸ்ட்ராப் உடம்பில் இருக்கவே கூடாது. கழுத்தோ தோளோ, இரண்டிலும் வேண்டாம், கேமரா அதன் பையில்தான் இருக்க வேண்டும்.

எடை இடம் மாறியதும் தோல் எரிச்சல் சீக்கிரமே அடங்கிவிடும். தசை வலிக்குக் கொஞ்சம் நாளாகும். ஆனால் கையில் மரத்துப்போவது, விரல்களில் ஊசி குத்துவது, பிடி தளர்வது என்று ஏதாவது இருந்தால் அது ஸ்ட்ராப் மாற்றித் தீர்க்கும் விஷயம் இல்லை. அடுத்த முகூர்த்தத்துக்கு முன் ஒரு எலும்பு மருத்துவரையோ நரம்பு மருத்துவரையோ பார்த்துவிடுங்கள்.