வாசகர் கேள்வி பதில்: பெட்ரோல் விலை உயர்வும் வண்டியை நம்பிப் பிழைப்போரும்

பெட்ரோல் விலை உயர்வைப் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வண்டியை நம்பிப் பிழைப்பவர்களும், வண்டி இல்லாமல் வேலைக்குப் போய்ச் சேர முடியாதவர்களும் எழுதியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, நான் வாடகைக் கார் ஓட்டுகிறேன். பெட்ரோல் விலை கால் பங்கு ஏறினால் என் வருமானம் அதைவிடக் குறைவாகத்தானே அடிபட வேண்டும்? ஆனால், வீட்டுக்குக் கொண்டுபோகிற பணம் அதற்கும் மேலாகக் குறைகிறது. கணக்கில் நான் எங்கே தவறுகிறேன்?

பதில்: நீங்கள் எங்கும் தவறவில்லை, உங்கள் கை உணர்ந்ததுதான் சரியான கணக்கு. ஒரு நாள் வசூல் 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். அதில் 40 பங்கு பெட்ரோலுக்கும், 30 பங்கு வண்டிக் கடன் தவணை, காப்பீடு, சர்வீஸ், டயர் ஆகியவற்றுக்கும் போனால் மீதி 30 பங்கு வீட்டுக்கு வருகிறது. பெட்ரோல் விலை கால் பங்கு ஏறும்போது அந்த 40 என்பது 50 ஆகிவிடுகிறது. விலை ஏறியது என்பதற்காகக் கடன் கொடுத்தவர் தவணையைக் குறைத்துக்கொள்வதில்லை. டயரும் முன்பு போலவேதான் தேய்கிறது. ஆகவே, கூடுதலான 10 பங்கு முழுவதும் வீட்டுக்கு வரும் 30 பங்கிலிருந்துதான் போக வேண்டியிருக்கிறது. விலை ஏறியது 25 சதவீதம். குடும்பத்தின் கைக்கு வரும் பணம் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு.

மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு சொந்த வேலைக்காக வண்டி எடுப்பவருக்கு இதே உயர்வு செலவுப் பட்டியலில் ஒரு வரி கூடுவதாக மட்டுமே தெரிகிறது. அவரையும் உங்களையும் ஒரே ‘வாகன ஓட்டி’யாகச் சேர்த்துச் சராசரி பார்ப்பதால்தான் பாதிப்பு சிறியது என்று பொதுவில் பேச முடிகிறது. அந்தச் சராசரிப் பேச்சை நான் ஏற்கவில்லை.

அண்மையில் பெட்ரோல் பங்க் ஒன்றில், முதுகில் உணவு விநியோகப் பையோடு ஓர் இளைஞர் எனக்கு முன்னால் நின்றார். வழக்கமாகப் போடும் அதே தொகைக்குத்தான் போடச் சொன்னார். ஆனால், பம்பில் பணத்தைக் காட்டும் எண்ணை அவர் பார்க்கவே இல்லை. லிட்டரைக் காட்டும் எண் எங்கே நிற்கிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். போட்டு முடிந்ததும் வண்டியை இருபுறமும் லேசாக ஆட்டி, டேங்குக்குள் பெட்ரோல் அலையும் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் மூடியைத் திருகினார். விலை உயர்வை அவர் அளந்தது இன்னும் எத்தனை சவாரிக்குத் தாங்கும் என்பதை வைத்துத்தான்.

கேள்வி: எங்கோ நடக்கும் சண்டைக்கு என் வண்டியின் டேங்க் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

பதில்: கச்சா எண்ணெய்க்கு ஏறக்குறைய உலகம் முழுவதும் ஒரே சந்தைதான் என்பதுதான் காரணம். உலகம் ஒரு நாளைக்குச் சுமார் 10 கோடிப் பீப்பாய் எண்ணெயைச் செலவழிக்கிறது. ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். இதில் சில இலட்சம் பீப்பாய்கள் வராமல் போகலாம் என்ற அச்சம் எழுந்தாலே, இருப்பதைப் பிடித்துவைத்துக்கொள்ள எல்லா நாட்டுச் சுத்திகரிப்பு ஆலைகளும் போட்டி போடத் தொடங்குகின்றன. நாளைக்கு வராமல் போகலாம் என்ற கவலைக்கும் இன்றைக்கே விலை கொடுத்தாக வேண்டியிருக்கிறது.

ஈரானுக்கும் ஓமானுக்கும் இடையிலுள்ள ஹோர்முஸ் நீரிணை அதன் மிகக் குறுகிய இடத்தில் 40 கிலோமீட்டர் அகலம்கூட இல்லாதது. உலகம் பயன்படுத்தும் எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வழக்கமாக அந்த வழியாகத்தான் கப்பலேறிப் போகிறது. அங்கே பதற்றம் என்ற செய்தி வந்த நாளிலேயே விலை துள்ளுவது இதனால்தான்.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதித் தடையை அறிவித்தபோது, சில மாதங்களுக்குள் கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது. நெதர்லாந்திலும் மேற்கு ஜெர்மனியிலும் அந்தக் குளிர்காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை வந்தது. நெடுஞ்சாலைகளில் மக்கள் மிதிவண்டியில் போனார்கள். 2008 ஜூலையில் ஒரு பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. 2020 ஏப்ரல் 20 அன்று, பொதுமுடக்கத்தால் எண்ணெயைச் சேமித்துவைக்க இடமில்லாமல் போனதால், அமெரிக்கச் சந்தையில், மே மாதத்தில் எண்ணெயைப் பெற்றுக்கொள்வதற்கான ஒப்பந்தத்தின் விலை பூஜ்யத்துக்கும் கீழே 37.63 டாலருக்கு இறங்கியது. அதாவது, விற்றவரே வாங்குபவருக்குப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டே ஆண்டுகளில், உக்ரைன் போர் தொடங்கிய பிறகு, அதே எண்ணெய் நூறு டாலரைத் தாண்டியது. இந்த ஏற்ற இறக்கம் எதிலும் வண்டி ஓட்டுகிறவருடைய தவறு என்று ஏதும் இல்லை.

கேள்வி: கச்சா எண்ணெய் விலை ஏறினால் பெட்ரோல் பங்க்கில் உடனே ஏறுகிறது. இறங்கினால் மட்டும் ஏன் நாள் கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது?

பதில்: இது உங்கள் மனப்பிரமை அன்று. பல நாடுகளின் விலை விவரங்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். ராக்கெட்டைப் போல ஏறுகிறது, இறகைப் போல இறங்குகிறது என்று அவர்கள் இதற்கு ஓர் உவமையும் வைத்திருக்கிறார்கள்.

பம்பில் நாம் கொடுக்கும் விலைக்குள் கச்சா எண்ணெயின் விலை, சுத்திகரிப்புச் செலவும் இலாபமும், கொண்டுவந்து சேர்க்கும் செலவு, விற்பனையாளரின் கமிஷன், அரசின் வரி எனப் பல அடுக்குகள் இருக்கின்றன. கச்சா எண்ணெய் 20 சதவீதம் இறங்கினாலும் மற்ற அடுக்குகள் அசையாமல் இருந்தால் மொத்த விலை 20 சதவீதம் இறங்காது. வரி அதிகமுள்ள நாட்டில் இது இன்னும் நன்றாகத் தெரியும். எண்ணெய் வணிகம் பெரும்பாலும் டாலரில் நடப்பதால், எண்ணெய் இறங்கும் அதே நேரத்தில் உள்நாட்டு நாணயம் டாலருக்கு எதிராகச் சரிந்தால் இறக்கத்தின் பயன் வழியிலேயே கரைந்துவிடுகிறது. இவ்வளவும் நியாயமான காரணங்கள்.

‘பழைய விலைக்கு வாங்கிய சரக்கு இன்னும் தீரவில்லை’ என்ற காரணத்தை மட்டும் நான் முழுமையாக ஏற்க மாட்டேன். விலை இறங்கும்போது பழைய சரக்கைக் கணக்கில் கொள்கிறவர்கள், ஏறும்போதும் பழைய சரக்கு தீரும் வரை பழைய விலைக்கே விற்றிருக்க வேண்டும். அந்தப் பொறுமையை வாகன ஓட்டிகள் எங்கும் கண்டதில்லை. விலையின் ஒவ்வொரு அடுக்கும் எவ்வளவு என்பதை விற்பனை இடத்திலேயே எழுதிவைக்கும்படி கேட்பதற்கு நுகர்வோருக்கு முழு நியாயம் உண்டு.

கேள்வி: ஓட்டும் விதத்தை மாற்றினால் உண்மையிலேயே மிச்சமாகுமா? இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் நல்லது என்கிறார்களே?

பதில்: மிச்சமாகும். ஆனால், முதலில் உங்கள் வண்டி உண்மையில் என்ன மைலேஜ் தருகிறது என்பதை நீங்களே அளந்துகொள்ளுங்கள். ஒருமுறை டேங்கை நிரப்பி, ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல ஓட்டிவிட்டு, அதே அளவுக்கு மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தை இரண்டாம் முறை போட்ட லிட்டரால் வகுத்துப் பாருங்கள். மூன்று நான்கு முறை இப்படிச் செய்து எழுதிவைத்தால், பிறகு செய்யும் எந்த மாற்றத்துக்கும் பலன் இருக்கிறதா என்பது அந்தத் தாளிலேயே தெரியும். ஊகித்துக்கொண்டே ஓட்டுகிறவருக்கு, கிளட்ச் தேய்ந்தோ பிரேக் பிடித்துக்கொண்டோ மைலேஜ் குறைவதும்கூட விலை உயர்வின் கணக்கிலேயே சேர்ந்து மறைந்துவிடுகிறது.

பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்கோ அதற்கும் குறைவோதான் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது. மீதியில் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடுகிறது. இவ்வளவு சிரமப்பட்டுச் சக்கரத்துக்கு வந்த ஆற்றலை, சிவப்பு விளக்கு வரை விரட்டிக்கொண்டு போய் பிரேக்கில் அழிப்பதுதான் நகரச் சாலையில் மிகப் பெரிய இழப்பு. முன்னால் நிற்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தவுடன் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவது ஒன்றே மற்ற பல உத்திகளைவிட அதிகம் மிச்சப்படுத்தும்.

நெடுஞ்சாலையில் கணக்கு வேறு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 100-க்குப் போனால், காற்றைத் தள்ளுவதற்கு மட்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒன்றரை மடங்குக்கும் மேலான ஆற்றல் வேண்டும். அமெரிக்க அரசு 1974-இல் நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல் என்ற வேக வரம்பைக் கொண்டுவந்ததற்குக் காரணம் எண்ணெய்ச் சிக்கனம்தான்.

இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் என்ற, என்ஜினுக்குப் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் அமைப்பு உள்ள வண்டிகளில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் என்ஜினுக்குப் பெட்ரோல் போவதே பெரும்பாலும் நின்றுவிடுகிறது. நியூட்ரலில் போட்டால்தான் என்ஜினை அணையாமல் வைத்திருக்கப் பெட்ரோல் செலவாகிறது. அதோடு, என்ஜினின் பிடி இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவது உயிருக்கே ஆபத்து. டயரின் காற்றழுத்தத்தை வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண் அதன் உச்ச வரம்பு என்பதால், வண்டித் தயாரிப்பாளர் குறித்துள்ள அளவையே பின்பற்றுங்கள்.

கேள்வி: அதிகாலையில் போட்டால் பெட்ரோல் அதிகம் கிடைக்குமா? விலை கூடிய பிரீமியம் பெட்ரோல் போட்டால் மைலேஜ் ஏறுமா?

பதில்: குளிர்ந்தால் பெட்ரோல் சுருங்கும் என்பது உண்மைதான், ஆனால் ஒரு பாகை செல்சியஸுக்கு ஏறக்குறைய 0.1 சதவீதம்தான். பெட்ரோல் பங்க்கின் தொட்டிகள் பெரும்பாலும் நிலத்துக்கு அடியில் இருப்பதால் காலைக்கும் மதியத்துக்கும் வெப்பநிலை அவ்வளவாக மாறுவதில்லை. இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பிரீமியம் என்று விற்கும் உயர் ஆக்டேன் பெட்ரோலும், அதாவது என்ஜினுக்குள் நேரத்துக்கு முன்பே எரிந்துவிடாமல் தாங்கும் பெட்ரோலும், அதைக் கேட்கும் என்ஜினுக்கு மட்டுமே உரியது. உங்கள் வண்டியின் கையேடு அதைச் சொல்லாவிட்டால் அந்தக் கூடுதல் பணத்தை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தரும் பழைய வேனும், 20 தரும் காரும் இருக்கின்றன. ஒன்றைத்தான் மாற்ற முடியும். காரை விற்று 25 தருவதை வாங்கலாமா, வேனை விற்று 12 தருவதை வாங்கலாமா? 5 கிலோமீட்டர் கூடுவதுதானே இலாபம்?

பதில்: இரண்டும் ஒரே அளவு ஓடுமானால் வேனை மாற்றுங்கள். 1,000 கிலோமீட்டருக்குப் பழைய வேன் 100 லிட்டர் குடிக்கிறது. 12 தரும் வேனுக்குச் சுமார் 83 லிட்டர் போதும். மிச்சம் ஏறக்குறைய 17 லிட்டர். காரிலோ 50 லிட்டர் 40 ஆகிறது. மிச்சம் 10 லிட்டர்தான். ‘லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்’ என்று பேசிப் பழகியதால் இந்த இடத்தில் பலரும் ஏமாந்துவிடுகிறோம். 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று திருப்பிக் கேட்டால் விடை தானாகத் தெளிவாகும். ஆனால், மாற்றுவதற்காகக் கடன் வாங்குவதானால் மாதத் தவணையையும் மாதம் மிச்சமாகும் பெட்ரோல் பணத்தையும் அருகருகே எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் தவணைதான் பெரிதாக இருக்கும். அப்போது பழைய வண்டியை ஒழுங்காக சர்வீஸ் செய்து ஓட்டுவதே மேல்.

கேள்வி: நான் மருத்துவமனையில் செவிலியர். இரவுப் பணி முடிந்து வரும் நேரத்தில் பஸ் கிடையாது. ‘வண்டியைக் குறைத்துக்கொள்ளுங்கள், பொதுப் போக்குவரத்தில் போங்கள்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் எதைக் குறைப்பது?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் குறைப்பதற்கு ஏதும் இல்லை என்பதுதான் நேர்மையான விடை. பெட்ரோல் விலை ஏறினாலும் விற்பனை உடனே பெரிதாகக் குறைவதில்லை என்பதைப் பொருளியல் நூல்கள் ஒரு விதியாகவே சொல்கின்றன. அந்த விதிக்குப் பின்னால் இருப்பவர்கள் உங்களைப் போன்றவர்கள். உல்லாசப் பயணத்தைத் தள்ளிப்போடலாம். நோயாளி காத்திருக்கும் வார்டுக்குப் போவதைத் தள்ளிப்போட முடியாது.

விலை ஏறும்போது அரசுகள் வரியைக் குறைப்பது உண்டு. அதில் உடனடி ஆறுதல் இருக்கிறது. ஆனால் பெரிய காரில் அதிகம் நிரப்புகிறவருக்கே அதிகப் பயன் போய்ச் சேர்கிறது. ஜெர்மனி 2022 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எரிபொருள் வரியைக் குறைத்தது. அதே மூன்று மாதங்களுக்கு, மாதம் 9 யூரோவில் நாடு முழுவதும் உள்ளூர் பஸ்ஸிலும் வட்டார இரயிலிலும் போகும் பயணச்சீட்டையும் கொடுத்தது. அந்த இரண்டாவது உதவிதான் எனக்குப் பிடித்தது, ஆனால் அதுவும் நீங்கள் பணி முடிக்கும் நேரத்தில் பஸ் ஓடினால்தான் உங்களுக்குப் பயன்படும். மாற்று வழி கொடுக்காமல் எரிபொருளை விலை ஏற்றும்போது என்ன ஆகும் என்பதை 2018 நவம்பரில் பிரான்சில் மஞ்சள் மேலங்கி அணிந்து சாலைக்கு வந்தவர்கள் காட்டினார்கள். அவர்களில் பலர் நகரத்துக்கு வெளியே வசித்து, தினமும் காரில் வேலைக்குப் போகிறவர்கள். எரிபொருள் வரியில் அடுத்து வரவிருந்த உயர்வை அந்த அரசு அந்த ஆண்டு டிசம்பரிலேயே கைவிட்டது.

இப்போதைக்கு நீங்கள் நிர்வாகத்திடம் இரண்டு கோரிக்கைகளை எழுத்தில் வைக்கலாம். பயணப்படியை மாதத்துக்கு இவ்வளவு என்று நிரந்தரத் தொகையாக வைக்காமல், பெட்ரோல் விலையோடு சேர்ந்து மாறும்படி கிலோமீட்டர் கணக்கில் தரச் சொல்லுங்கள். ஒரே பக்கத்திலிருந்து வருகிற செவிலியர்களுக்கு ஒரே நேரத்தில் பணி முடியும்படி முறைப் பட்டியலைப் போடச் சொல்லுங்கள். இருவர் ஒரு வண்டியில் வந்தாலே ஆளுக்கு ஆகும் செலவு பாதியாகும், பின்னிரவில் தனியாக ஓட்டிவரும் பயமும் இராது. தனி ஒருவராகக் கேட்பதைவிட, உங்கள் வார்டில் வண்டியில் வருகிற எல்லோரும் சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுங்கள். ஒவ்வொருவரும் தினமும் எத்தனை கிலோமீட்டர் வந்துபோகிறார் என்பதை அந்தக் கடிதத்தோடு இணைத்துவிடுங்கள்.